அவள் பேர் என்ன என்று கேட்டுப் படியுங்கள்

முதுகலைத் தமிழ் படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது: "கிராமத்துச் சிறுகதைகளில் பெண்ணின் சுயமும் சுதந்திரமும் என்று கட்டுரை எழுத வேண்டும். ஆனால் எடுக்கிற கதையிலெல்லாம் பெண் அழுகிறாள், அடங்கிப் போகிறாள், இல்லையென்றால் செத்துப்போகிறாள். எதிர்த்துப் பேசுகிற பெண்ணே கண்ணில் படவில்லை. எங்கே தேடுவது?"

எதிர்த்துப் பேசுகிற பெண்ணைத் தேடிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கிராமத்தில் பெண் பேசுவதே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. களத்திலும் குழாயடியிலும் அவள் பேச்சுக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. ஆனால் தன்னைப் பற்றி, தனக்கு என்ன வேண்டும் என்பதைப் பற்றி, அவள் வாய்விட்டுச் சொல்வது குறைவு. நல்ல எழுத்தாளர்களுக்கு இது தெரியும். அதனால் அவள் வாயில் வசனம் வைக்காமல், அவள் எங்கே நடந்து போகிறாள், முந்தியில் என்ன முடிந்து வைத்திருக்கிறாள், ஊர் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த இடங்களில் நின்று படித்தால் உங்களுக்கு வேண்டியது நிறையக் கிடைக்கும்.

பேரில் இருந்து தொடங்குகிறேன். நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் வளர்ந்தவள். எங்கள் தெருவில் வாக்கப்பட்டு வந்த பெண்களில் பாதிப் பேருடைய சொந்தப் பேர் எனக்குப் பத்து வயது வரை தெரியாது. எட்டையபுரத்தா, கழுகுமலையா, நாலாட்டின்புதூர்க்காரி என்று பிறந்த ஊரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். பிறந்த ஊரில் போய்க் கேட்டால் அங்கே அவள் இன்னார் மகள். புகுந்த ஊரில் இன்னார் பெண்டாட்டி. பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பிள்ளையின் அம்மா. எந்த ஊரில் அவள் இல்லையோ அந்த ஊரே அவளுக்குப் பேராகிவிடுகிறது. ஒரு கதையை எடுத்ததும் முதலில் இதைப் பாருங்கள். அவளுக்குப் பேர் இருக்கிறதா? அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் யார்? கதை முடியும்போது அதே பேர் இருக்கிறதா, வேறு ஏதாவது ஆகிவிட்டதா?

இந்தக் கேள்வியோடு கி. ராஜநாராயணனின் 'கன்னிமை'யைப் படியுங்கள். உங்கள் கட்டுரைக்கு ஒரே ஒரு கதைதான் என்றால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன். கி.ரா. 1923-இல் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலில் பிறந்தவர், 2021-இல் மறைந்தார். கரிசல் வீட்டுக்குள் நடக்கிற எதுவும் அவருடைய கண்ணுக்குத் தப்பாது. கதை இரண்டு பாதி. முதல் பாதியை நாச்சியாரம்மாவுக்கு அண்ணன் முறையான ஒருவன் சொல்கிறான். அவள் கை தாராளம், அவள் கோலம், அவள் கதை சொல்கிற அழகு, வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் காட்டுகிற பிரியம் எல்லாம் அவன் சொல்லச் சொல்ல நமக்கும் அவளைப் பிடித்துப் போகிறது. கல்யாணம் ஆகிறது. இரண்டாம் பாதியில் அவளுடைய புருஷன் பேசுகிறான். இப்போது அவள் கணக்குப் பார்க்கிறாள், காசை எண்ணுகிறாள், சிக்கனம் பிடிக்கிறாள். பழைய நாச்சியாரைக் காணோமே என்று அவன் ஏங்குகிறான். மனைவி எதிரிலேயே இருக்கிறாள். அவனோ நாச்சியாரைத் தேடிக்கொண்டிருக்கிறான். அங்கே கதை முடிகிறது.

வழக்கமாக இதை 'கல்யாணம் பெண்ணின் இயல்பைக் கொன்றுவிடுகிறது' என்று விளக்கிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். நானும் பல வருஷம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை, கடைசி பெஞ்சில் எப்போதும் பேசாமல் இருக்கிற ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மிஸ், அண்ணனும் புருஷனும் எதுக்கு இவ்வளவு வருத்தப்படுறாங்க? முன்னால அவ அள்ளிக் குடுத்தது அண்ணன் வீட்டுச் சொத்து. இப்பத்தானே அவ தன் வீடுன்னு ஒண்ணைப் பாக்கா?" அவள் வீட்டில் நான்கு பேரும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். வாரக்கூலியை எண்ணி வாங்கி, கடைக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து வைக்கிற அம்மாவை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள். காசை எண்ணுகிற பெண்ணைச் சரிந்து போனவள் என்று அவளால் நினைக்க முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரி அந்தக் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். அவள் சொன்னது சரி. கதை முழுக்க நாச்சியாரைப் பற்றி ஆண்கள் இருவர் பேசுகிறார்கள். ஒருவனுக்கு அவள் தங்கை, இன்னொருவனுக்குப் பெண்டாட்டி. நாச்சியாருக்குத் தன் மாற்றம் எப்படித் தெரிகிறது? அது கதையில் எங்கேயும் இல்லை. தலைப்பே இரண்டு ஆண்களின் ஏக்கத்துக்கு வைத்த பேர்தான் என்று எனக்கு இப்போது படுகிறது. அவளுடைய தாராளத்தை அவர்கள் கொண்டாடியது உண்மை. ஆனால் அந்தத் தாராளம், நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகப்போகிற பெண்ணின் தாராளம். அந்தச் சொத்து தனக்கு வராது என்று தெரிந்து கொடுத்த கை அது. தனக்கென்று ஒரு குடும்பம் வந்ததும், அதை நிறுத்திப் பிடிக்க வேண்டிய பொறுப்பு வந்ததும், கை இறுகுகிறது. அவள் மாறியது இழப்புத்தானா, இல்லை பொறுப்பேற்ற ஒருத்தியின் பிறப்பா? கி.ரா. பதில் சொல்லவில்லை. அவர் வேண்டுமென்றே அவளைப் பேச விடவில்லையா, அவருக்கே அந்தக் கேள்வி வரவில்லையா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு குரலை வைத்து மூன்றாவது குரலுக்கு இடம் காலியாக விட்டிருக்கிறார். உங்கள் கட்டுரை அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்து எழுதப்படட்டும்.

பேருக்கு அடுத்து, முந்தியில் முடிந்து வைக்கிற காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆச்சியின் இடுப்பில் சுருக்குப்பை ஒன்று எப்போதும் தொங்கும். வெற்றிலை, பாக்கு, ஒரு சின்னப் பாக்குவெட்டி, அடியில் மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குச் சுருட்டிய ரூபாய் நோட்டு. தாத்தாவுக்கு அந்தப் பையில் கைவிட உரிமை கிடையாது. பருத்தி எடுப்பில் கிடைத்த கூலி, கோழி முட்டை விற்ற காசு, எருமைத் தயிர் விற்ற காசு எல்லாம் அதில் சேரும். அத்தைமார் பிரசவத்துக்கு வரும்போது தாத்தாவுக்குத் தெரியாமல் செலவு நடந்தது அந்தப் பையில் இருந்துதான். நிலம் தாத்தா பேரில், வீடு தாத்தா பேரில், பை மட்டும் ஆச்சியுடையது. எழுத்தில் இந்தப் பை வருகிற இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அரிசி வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்லுமானால், அந்த வீட்டில் யாருக்கு என்ன அதிகாரம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

கி.ரா.வின் 'கதவு' பலருக்கும் அறிமுகமான கதை. தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போவார்கள். குழந்தைகளின் கதையாகத்தான் நாம் அதைப் படிக்கிறோம். அந்த அம்மாவை ஒருமுறை பாருங்கள். புருஷன் பிழைக்கப் போனவன், தகவல் இல்லை. கூலிக்குப் போவது அவள், கஞ்சி காய்ச்சுவது அவள், கைக்குழந்தையைப் பெரிய பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஓடுவதும் அவள். பாக்கியை அவளிடம்தான் கேட்கிறார்கள். பொறுப்பு மொத்தமும் தலையில் இருக்கிறது, முடிவெடுக்கும் உரிமை ஒரு சல்லிக்கும் இல்லை. கதவு போன வீட்டில் குளிர் புகுந்து கைக்குழந்தை போய்விடுகிறது. 'குடும்பத் தலைவி' என்ற சொல்லை அரசாங்கப் படிவங்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அம்மா நினைவு வருவாள்.

இடைசெவல்காரரான கு. அழகிரிசாமியும் அதே 1923-இல் பிறந்தவர்தான். அவருடைய 'திரிபுரம்' பஞ்சத்துக்குத் தப்பி வந்த தாயும் மகளும் பற்றியது. பசி அந்த மகளைத் தன் உடம்பையே விற்க வைக்கிறது. கடைசியில் ஒரு சிரிப்பு வருகிறது. சிவன் சிரித்துத் திரிபுரத்தை எரித்த கதையைத் தலைப்பில் வைத்துவிட்டார், அந்தச் சிரிப்பு எதை எரிக்கிறது என்று நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான். உங்கள் கேள்வியில் 'அழுகிறாள்' என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பெண் அழவில்லை. அழாமல் இருப்பதுதான் அந்தக் கதையில் தாங்க முடியாத விஷயம்.

இனி நடை. கிராமத்தில் பெண் வெளியே போகாமல் இருக்கிறாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விடிவதற்கு முன்னால் கிளம்பிப் பொழுது சாய்ந்து வருகிறவள் அவள். களையெடுப்பு, நடவு, பருத்தி எடுப்பு, விறகு, தண்ணீர், நூறு நாள் வேலை என்று எல்லாமே வெளி வேலைதான். ஆனால் இதில் எதற்கும் அவள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. காரணமே இல்லாமல், தனக்குத் தோன்றியதால் ஓர் இடத்துக்குப் போகிறாள் என்றால் அங்கேதான் ஊர் தலையைத் தூக்கிப் பார்க்கும். "எங்கிட்டுப் போற?" என்ற கேள்வி நம் ஊரில் குசலம் விசாரிப்பு மாதிரி. பெண்ணிடம் கேட்கும்போது அதில் கொஞ்சம் காவலும் இருக்கிறது.

ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' இதைத் தவிர வேறெதையும் எழுதவில்லை என்றுகூடச் சொல்லலாம். மாரியம்மாள் கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பவள். மச்சான் தங்கராசு மேல் சின்ன வயதிலிருந்து உயிர். அவன் படித்து, வேலைக்குப் போய், வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவன் ஊர்த் திருவிழாவுக்கு வருகிறான் என்றதும் வேகாத வெயிலில் ஓடி வருகிறாள். எதற்கு? பார்க்க. அவ்வளவுதான். அவனோடு போய்விட வேண்டும் என்றோ, சண்டை போட வேண்டும் என்றோ அவளுக்கு இல்லை. அவன் நன்றாக இருக்கிறானா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவன் நன்றாக இல்லை. அவள் அழுகிறாள். அந்த அழுகைக்கு என்ன காரணம் என்று அவளால் யாரிடமும் சொல்ல முடியாது. இயக்குநர் சசி இந்தக் கதையை வைத்துத்தான் 2008-இல் 'பூ' படத்தை எடுத்தார், நீங்கள் பார்த்திருக்கலாம். கதையைப் படித்துவிட்டுப் பாருங்கள். சினிமாவுக்காகப் பின்கதை நிறையச் சேர்ந்திருக்கிறது. சிறுகதையில் இருப்பதெல்லாம் ஒரு நடையும் ஒரு அழுகையும்தான்.

இதைத் தியாகம் என்று எழுதி மார்க் வாங்கிவிடலாம், அப்படி எழுதாதீர்கள். மாரியம்மாளுக்கு ஒரு மனசு இருக்கிறது, அதில் யாரையும் கேட்காமல் ஒருவனை வைத்திருக்கிறாள், அவனைப் பார்க்கத் தன் காலால் நடந்து போகிறாள். தாலி கழுத்தில் இருக்கிறது, புருஷன் மேல் கோபமும் இல்லை. இரண்டும் ஒருசேர இருக்கின்றன. இதில் எதற்கும் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. இதற்கு 'சுயம்' என்று பெயர் வைக்காமல் வேறு எதற்கு வைப்பது?

கூடவே வண்ணதாசனின் 'நிலை'யையும் படித்துவிடுங்கள். அது கிராமமில்லை, திருநெல்வேலித் தெரு. கோமு என்கிற வேலைக்காரச் சிறுமி. ஊரே தேர் பார்க்கப் போகிறது. வீட்டைப் பார்த்துக்கொள் என்று அவளை விட்டுவிட்டுப் போகிறார்கள். கடைசியில் அவள் ஓடிப் போய்ப் பார்க்கும்போது தேர் நிலைக்கு வந்து நின்றுவிட்டது. மாரியம்மாள் போனாள், பார்த்தாள், உடைந்தாள். கோமுவுக்கு நேரத்துக்குப் போகவே வாய்க்கவில்லை. இருவருக்கும் ஆசைப்பட்டது ஒன்றுதான்: ஒரு காட்சி. ஒரு பெண் எதைப் பார்க்க ஆசைப்படலாம், எப்போது பார்க்கலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்து எழுதினால் நான்கு பக்கம் தானாக வரும். 2021-இல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது, எங்கள் ஊர்ப் பெண்கள் முதலில் போனது வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ இல்லை. ஐந்தாறு பேராகச் சேர்ந்து திருச்செந்தூர் போய்க் கடலில் கால் நனைத்துவிட்டு வந்தார்கள். அதைக் கேள்விப்பட்டதும் எனக்கு மாரியம்மாள்தான் ஞாபகம் வந்தாள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். 'கிராமத்துப் பெண்' என்று ஒருத்தி கிடையாது. எந்தச் சாதித் தெருவில் பிறந்தாள் என்பதைப் பொறுத்து அவளுடைய கட்டும் மாறும், விடுதலையும் மாறும். நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு வாசற்படி தாண்டினால் கௌரவக் குறைச்சல். கூலிக்காரப் பெண்ணுக்கு வாசற்படி தாண்டாவிட்டால் அடுப்பு எரியாது. 'அறுத்துக் கட்டுவது' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒத்துவராத புருஷனை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தீர்த்துவிட்டு, தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வேறொருவனைக் கட்டிக்கொள்வது. உழைக்கிற சாதிகள் பலவற்றில் இது சாதாரணம். மேலே இருக்கிறவர்கள் அதையே வசவாக்கி 'அறுத்துக் கட்டுற கூட்டம்' என்பார்கள். பெண்ணுக்கு இருந்த ஒரு உரிமை, சாதியைத் தாழ்த்தக் காரணமாகக் காட்டப்பட்டது. காசு கொஞ்சம் சேர்ந்து, அந்தஸ்து தேடத் தொடங்கிய குடும்பங்கள் முதலில் விட்டது இந்த வழக்கத்தைத்தான் என்பதை எங்கள் பக்கத்திலேயே கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் கற்பு, குடும்பமானம் என்றெல்லாம் கதையில் வரும்போது இது எந்தத் தெருவின் பேச்சு என்று கட்டாயம் கேளுங்கள். இல்லையென்றால் கட்டுரை பாதி பொய்யாகிவிடும்.

பாமாவின் 'பொன்னுத்தாயி'யை இந்த இடத்தில் படித்தால்தான் அதன் முழுக் கனமும் தெரியும். பாமா வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்தவர். 1992-இல் 'கருக்கு' எழுதித் தலித் பெண்ணின் குரலையும் பேச்சுத்தமிழையும் அச்சில் ஏற்றியவர். பொன்னுத்தாயி குடிகாரப் புருஷனிடம் அடி வாங்கி வாங்கிச் சலித்தவள். ஒரு கட்டத்தில் போதும் என்று வெளியே வருகிறாள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரவில்லை, அவனுக்கும் பிள்ளைகள்தானே என்று அவனிடமே விட்டுவிடுகிறாள். தாலியை விற்றுக் கடை வைக்கிறாள்.

என் வகுப்பில் மாணவிகள் தாலியை விற்றதை எளிதாக ஏற்றுக்கொண்டுவிடுவார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு வந்ததைத்தான் ஏற்க முடியாமல் தவிப்பார்கள். "பெத்தவ எப்படி மிஸ்?" என்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அதே கேள்விதான். அந்த இடத்தைத்தான் பாமா குறிவைத்து எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பொண்டாட்டி என்ற பேரைக் கழற்றிப் போட்டவளை நாம் பாராட்டுவோம், அம்மா என்ற பேரைக் கொஞ்ச நேரம் இறக்கி வைத்தவளை மன்னிக்க மாட்டோம். கணவன் பிள்ளைகளை விட்டுவிட்டு திருப்பூருக்கோ கேரளாவுக்கோ போனால் பிழைக்கப் போயிருக்கிறான் என்கிறோம். பொன்னுத்தாயி மொத்தப் பேரையும் உதறிவிட்டுத் தன் பேரில் மட்டும் நிற்கிறாள். கதைக்குத் தலைப்பும் அந்தப் பேர்தான்.

எதிர்த்துப் பேசுகிற பெண் கண்ணில் படவில்லை என்றீர்களே, இவளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவளை மட்டும் எடுத்துக்கொண்டு நாச்சியாரையும் மாரியம்மாளையும் அடிமைகள் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.

இமையத்தின் 'பெத்தவன்' 2012-இல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில்தான் தருமபுரி மாவட்டத்தில் சாதி மாறி நடந்த ஒரு திருமணத்தைச் சாக்காக வைத்து மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். கதையில், தலித் இளைஞனை விரும்பிய மகளைக் கொன்றுவிடும்படி ஊர் அப்பனுக்கு உத்தரவு போடுகிறது. அவன் மகளை அனுப்பி வைத்துவிட்டுத் தான் செத்துப்போகிறான். படித்து முடித்ததும் அந்த அப்பனுக்காக அழாதவர்களை நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் மகள் பாக்கியத்தைக் கவனித்தேன். அடி, வசவு, காவல் எல்லாவற்றுக்கும் பிறகும் அவள் 'சரி, விட்டுவிடுகிறேன்' என்று சொல்லவே இல்லை. அப்பன் எடுத்தது ஒரு ராத்திரி முடிவு. அதற்கு அவனைத் தள்ளிக்கொண்டு வந்தது அவளுடைய வருஷக்கணக்கான பிடிவாதம். தலைப்பு அப்பனுடையது, கண்ணீர் அப்பனுக்கு, கதையை நகர்த்தியவள் அவள். ஆண் எழுத்தாளர்களின் நல்ல கதைகளில்கூட இப்படி நடக்கும். குறையாக எழுத வேண்டியதில்லை, ஆனால் பார்த்ததாகக் கட்டாயம் எழுதுங்கள்.

அம்பையை நகரத்து எழுத்தாளர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 'காட்டில் ஒரு மான்' கதையில் வரும் தங்கம் அத்தை சின்ன ஊர் வீட்டில் இருப்பவள். அவள் பூப்படையவே இல்லை. ஊரும் உறவும் பெண் என்பதற்கு என்ன அடையாளம் வைத்திருக்கிறதோ அது அவளிடம் கிடையாது. புருஷனுக்கு அவளே இன்னொரு கல்யாணம் செய்துவைக்கிறாள். ஆனால் பிள்ளைகளுக்கு அவள் சொல்கிற கதைகள் இருக்கின்றனவே! வழி தவறிப் புதுக் காட்டுக்கு வந்துவிட்ட ஒரு மான் முதலில் பயந்து நடுங்குகிறது, அப்புறம் அந்தக் காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. அத்தை தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மானைப் பற்றித்தான் சொன்னாள். கிராமத்துப் பெண்கள் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் காலங்காலமாகச் செய்துவருவது இதைத்தானே? செத்தவரைச் சொல்லி அழுகிற சாக்கில் தன் கதை முழுவதையும் ஒருத்தி பாடிவிடுவாள். நடுவில் யாரும் 'நிறுத்து' என்று சொல்ல முடியாது. உங்கள் கட்டுரையில் ஒப்பாரிக்கும் ஒரு பத்தி ஒதுக்க முடிந்தால் நல்லது.

எழுதப்படாதது என்ன என்றும் ஒரு அத்தியாயம் வைக்கலாம். நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பங்கு என்று கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் கல்யாணமாகிப் போனவர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தது. காகிதத்தில் பெரிய மாற்றம். ஊரில் நடப்பது வேறு. பங்கு பிரிக்கும் நேரம் வந்ததும் அக்கா தங்கைகளைக் கூட்டிக்கொண்டு போய், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கேட்டால் பொறந்த வீட்டு உறவு அறுந்துபோகும், சீர் வராது, அண்ணன் வாசல் அடைபடும் என்ற பயம். நிலமா, உறவா என்று ஒரு பெண் உட்கார்ந்து கணக்குப் போடுகிற அந்த ராத்திரி, கி.ரா. எழுதியிருக்க வேண்டிய ராத்திரி. நான் படித்த சிறுகதைகளில் அது அபூர்வமாகத்தான் வருகிறது.

என் அம்மா கையெழுத்துப் போட்ட அன்று நான் கூட இருந்தேன். கார்த்திகை மாசம், முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. பத்திரம் எழுதுகிறவர் சத்தமாக வாசித்தார். இன்னார் அவர்களின் குமாரத்தியும் இன்னார் அவர்களின் மனைவியுமாகிய என்று போய், நடுவில் அம்மாவின் பேர் வந்தது. முழுப் பேர். அதை வேறு ஒருவர் வாயிலிருந்து முழுசாகக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் காட்டிய இடத்திலெல்லாம் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டாள். மாமா சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். வரும் வழியில் அம்மா பஸ்ஸைத் தன் ஊர் விலக்கில் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். என்னை ஆலமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரக் கரிசலில் தனியாக நடந்து போனாள். யாரும் எங்கிட்டுப் போற என்று கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்து முந்தி நிறைய அதலைக்காய் பறித்து முடிந்துகொண்டு வந்தாள். வரப்போரத்தில் தானாக முளைத்துக் கிடப்பது அது, யாரும் விதைப்பதில்லை. வீட்டுக்கு வந்து கால் சேற்றைக் கழுவிவிட்டு அரிந்து பொரியல் வைத்தாள். அப்பா கசக்கிறது என்றார். அம்மா இன்னொரு கரண்டி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.